ஒல்லி வயர்

கொடிக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கடைக்குள் நுழைந்த டாரெட், அதை அப்படியே மேசைமேல் கொட்டினாள். ஒரு முனையில் துணிக் கிளிப் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு நீளம் வேணும்.”

மிஸ்டர் யாப் கயிற்றையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். “மிஸ் டாரெட், கயிறெல்லாம் அந்தப் பக்கம்.”

“கயிறு எதுக்கு எனக்கு? வயர் வேணும். ஸ்பீக்கர் வயர். வீட்டை அளந்துட்டு வந்திருக்கேன். இந்த முடிச்சு ஹால் கதவு. இது நடை திரும்புற இடம். கடைசியா இருக்கே, அது எங்க வீட்டுக்காரர் கட்டில்.”

“என்ன நம்பர்?”

மலையிலிருந்து இறங்கிய டாக்ஸியில், இரண்டு பேர் மடியில் பாதிப்பாதியாக உட்கார்ந்துகொண்டு, வழி முழுக்க அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்திருந்தாள். “பன்னெண்டு. பதினாறைத் தலையில கட்டப் பாப்பாங்க, வாங்கிடாதேன்னு சொல்லி அனுப்பியிருக்கார்.”

“பதினாறே போதுமே, வீட்டுக்குத்தானே. பெட்டிக்குப் பின்னால என்ன எழுதியிருக்கு? நாலு ஓம்ஸா, எட்டா?”

“நாலு.”

மிஸ்டர் யாப் கயிற்றை மறுபடி கையில் எடுத்து நீளத்தைத் தடவிப் பார்த்தார். “நாலுன்னா கரண்டை வாரி இழுக்கும். தூரமும் ஜாஸ்தி. அந்த மனுஷன் சொன்னது சரிதான்.” ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து உருளையை இறக்கி, கயிற்றோடு கயிறாக நீட்டி அளந்து வெட்டினார். இரட்டை வயர், ஒரு பக்கம் மட்டும் சிவப்புக் கோடு. சுருட்டித் தூக்கியபோது கைக்குழந்தை கனம் இருந்தது.

“எப்படி இருக்கார் லாசெல்ஸ்?”

“பாட்டு கேக்கணுமாம்,” என்றாள் டாரெட். அவர் கொஞ்சம் வயர் ஆணியைப் பொட்டலம் கட்டி, கேட்காமலே அவள் பையில் போட்டார்.

லாசெல்ஸ் வாழைத்தார் லாரி ஓட்டியவன். துறைமுகத்துக்கும் மலைக்குமாக அலைந்து சம்பாதித்ததில் சேர்த்தது இரண்டே சொத்து: ஒரு வீடு, ஒரு செட். ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் அவனே மரம் அறுத்துச் செய்தான். ஆளின் மார்பு உயரம். ஞாயிற்றுக்கிழமை அவன் ரெக்கார்டு போட்டால் எங்கள் மலைப்பக்கம் மொத்தத்துக்கும் அதுதான் பாட்டு. சர்ச்சுக்குப் போகிறவர்கள்கூடத் திட்டிக்கொண்டே தாளம் போட்டு நடப்பார்கள். டாரெட் சமையலறையிலிருந்து கத்துவாள், அவனுக்குக் கேட்காது. கேட்காது என்பது தெரிந்துதான் கத்துவாள்.

வயிற்றில் கட்டி என்று சொல்லி ஆஸ்பத்திரி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பின் அறையில் படுத்தவன் பிறகு எழவில்லை. பெட்டிகளை என்னிடம் கொண்டுவா என்றான். தம்பி எவரால்டும் இன்னும் இரண்டு பேரும் மூச்சு வாங்கத் தூக்கி வந்து கட்டிலின் கால்மாட்டில் வைத்தார்கள். ஆம்ப்ளிஃபயரும் தட்டு சுற்றும் மேசையும் ஹாலிலேயே இருக்க வேண்டியதாயிற்று. பின் அறை பிளக் பாயிண்ட் எப்போதோ கருகிப்போனது. ஹாலிலிருந்து நடை வழியாகப் பின் அறைக்கு வயர் இழுக்கும் வேலையை எவரால்ட் ஏற்றுக்கொண்டான். அவன் வாங்கிவந்தது இருபத்திரண்டாம் நம்பர். நம்பர் பெரிசானால் வயரும் பெரிசு என்று நினைத்துவிட்டான், பாவம். வயரில் நம்பர் ஏற ஏற உடம்பு இளைக்கும். கோழிக்குஞ்சின் கால் தடிமன்கூட இல்லாத வயர் அது.

முதல் பாட்டு ஓடியதும் லாசெல்ஸ் கண்ணை மூடியபடியே, “பாட்டுக்காரனோட தொண்டை வருது. வயிறு எங்கேடா?” என்றான்.

“வயர்னா வயர்தானே. இதுல என்ன தொண்டை, வயிறு?” என்றான் எவரால்ட்.

“கூடைமேல கூடை வெச்சு உன்னை நடக்கச் சொன்னா வீடு வந்து சேர்வியா? அடியில அதிருமே பேஸ், அது பாதி வழியிலேயே செத்துப்போகுது. சத்தத்தை ஏத்து, ஏத்து.” ஏற்றினான். ஜன்னல் அதிர்ந்தது, பேஸ் வரவில்லை. லாசெல்ஸ் டாரெட்டைக் கூப்பிட்டான். “நடையில போய் வயர்மேல கை வெச்சுப் பாரு.”

அவள் போய்த் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“சூடா இருக்கா? வந்துசேர முடியாததெல்லாம் அங்கேயே நிக்குது,” என்றான். அப்போது அவள் சிரித்தாள். அதற்கப்புறம் சாப்பிடுவதை நிறுத்தினான், மாத்திரையை நிறுத்தினான், வயர் பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. கடைசியில் எவரால்டை நம்பிப் பிரயோஜனமில்லை என்று கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு டாரெட்டே டவுனுக்குக் கிளம்பினாள்.

தடித்த வயரோடு அவள் வீடு திரும்பியபோது வெயில் நடையில் பாதி வரை வந்திருந்தது. ஸ்டூலில் ஏறி, எவரால்டின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே சுவரில், கதவு நிலைகளுக்கு மேலாக, புதியதை ஆணி அடித்துக்கொண்டே போனாள். மகள் மார்வா இடுப்பில் குழந்தையோடு கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். “அம்மா, இது சாகப்போற மனுஷனுக்குப் பண்ற வேலையா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப எப்பப் பண்றது? செத்ததுக்கு அப்புறமா?”

பெட்டிக்குப் பின்னால் முழங்காலிட்டு, சிவப்புக் கோட்டைச் சிவப்புத் திருகிலும் மற்றதைக் கறுப்பிலும் முறுக்கினாள். லாசெல்ஸ் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு இழைகூட வெளியே நீட்டக்கூடாது என்று விரலாலேயே சொன்னான். ஹாலுக்குப் போய் முள்ளை வைத்தாள்.

அவள் திரும்பி வருவதற்குள் பேஸ் அவளுக்கு முன்னால் அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தரையில் வந்தது, கட்டில் காலில் ஏறியது. தலைமாட்டில் இருந்த டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. லாசெல்ஸ் உள்ளங்கையை மெத்தையில் பரப்பி வைத்துக்கொண்டான்.

“வந்துட்டான்,” என்றான். முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை. அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பச்சை வாழைக்காயை உரித்து உலையில் போடலாம் என்று சமையலறைக்குப் போனாள். பாட்டு முடிந்தது தெரியவில்லை. சுவர் வழியாகத் தும், தும் என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று சந்தோஷமாக வேலை பார்த்தாள். காய் வெந்து, வடித்து, தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனபோதுதான் புரிந்தது. பாட்டு எப்போதோ முடிந்து, முள் கடைசிக் கோட்டிலேயே சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தது. லாசெல்ஸின் கை மெத்தைமேல் பரப்பியபடி இருந்தது. டம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். முள்ளை எடுக்க ஹாலுக்குப் போக மனம் வரவில்லை. மார்வா வந்து பார்த்து வீறிட்ட பிறகுதான் யாரோ போய் எடுத்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால், சீமைப்பலா மரத்தடியில், அவன் அப்பா பக்கத்தில் புதைத்தார்கள். மண் தள்ளுவதற்கு முன்னால் மார்வாவின் குழந்தை காடியனைச் சவப்பெட்டிக்கு மேலாகக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பாசமுள்ள பிணம் சின்னப் பிள்ளையைத் தேடி வரும். எடுத்துக் கொஞ்சும். அதற்குக் கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் பிள்ளை தாங்காது. இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஒன்பதாம் இரவு வரைக்கும் அவன் அறை அவன் விட்டபடியே இருக்க வேண்டும். தண்ணீர் டம்ளர் இருக்க வேண்டும். அன்று எல்லோரும் கூடிப் பாடி, சாப்பிட்டு, அறையைத் தலைகீழாக மாற்றிப்போட்டுவிட்டால், வந்து பார்க்கிற டப்பி, செத்தவன் ஆவி, “இது நம்ம இடமில்லை” என்று போய்விடும். அதுவரைக்கும் வீட்டுக்காரன்தான், வரட்டும், போகட்டும்.

அவன் வந்தான்.

சாயங்காலம் தோறும், வெயில் நடையில் பாதிக்கு வந்ததும், டம்ளரில் தண்ணீர் நடுங்கும். செட் அணைந்திருக்கும். சத்தம் ஒன்றும் இருக்காது. டாரெட் கட்டிலில் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு உள்ளங்கையை மெத்தையில் பரப்புவாள். எலும்புக்குள் அது வரும். முழுசாக, வயிறும் தொண்டையுமாக. முதல் நாள் பயந்து வெளியே ஓடினாள். மறுநாள் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு போய்ப் படுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவனை விரட்டிவிடுவார்கள்.

சிவப்பு உள்ளாடை போட்டுக்கொள்ளச் சொல்லி கசின் ஐசி வாங்கிக் கொடுத்திருந்தாள். கசின் ஐசி லாசெல்ஸின் பெரியப்பா மகள். பிறப்பு, சாவு, கல்யாணம் எதுவாக இருந்தாலும் அழைக்காமல் வந்து அதிகாரம் பண்ணுகிறவள். சிவப்பைக் கண்டால் செத்த புருஷன் பெண்டாட்டி படுக்கையை நெருங்க மாட்டான். டாரெட் அதை மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்திருந்தாள்.

“போட்டிருக்கியா?” என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள் ஐசி.

“போட்டிருக்கேன்.”

“காட்டு.”

“போ கசின் ஐசி, அந்த வயசெல்லாம் தாண்டியாச்சு.”

“உனக்கா தாண்டிச்சு? மூஞ்சியைப் பாரு, புதுப் பொண்ணு மாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டு ஐசி சிரிக்காமல் அவளையே பார்த்தாள்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது அந்த வாரம்தான். லேசான காய்ச்சல், பால் இறங்கவில்லை. கிளினிக் நர்ஸ் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் பல் முளைக்கிறது என்றாள். எலுமிச்சம்புல் போட்டுக் காய்ச்சித் தண்ணீர் கொடுத்தார்கள். எதுவும் கேட்கவில்லை. பகலெல்லாம் வாடிக் கிடக்கும் பிள்ளை, சாயங்காலம் வெயில் நடைக்குள் வந்ததும் அழுகையை நிறுத்தும். கண்ணை மேலே உயர்த்தும். கதவு நிலைக்கு மேலே வயர் போகிற இடத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை வயரோடு மெல்ல நகர்ந்து, பின் அறைப் பக்கமிருந்து ஹாலுக்கு, மார்வா உட்கார்ந்திருக்கும் நாற்காலி வரைக்கும் வந்து நிற்கும். பிறகு யாருக்கோ கையை நீட்டும், தூக்கச் சொல்லி.

அதை மார்வா பார்த்தாள். டாரெட்டும் பார்த்தாள். எட்டாம் நாள் குழந்தை இரண்டு கையையும் நீட்டியது.

மார்வா அதை வாரிச் சுருட்டித் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு எழுந்தாள். “அப்பா போகலை.”

“நாளைக்கு ராத்திரிதானே போவார்.”

“போக மாட்டார். நீ விட மாட்டே. சாயங்காலமானா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறியே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உனக்குப் புருஷன் வேணும். எனக்கு என் பிள்ளை வேணும், அம்மா.”

டாரெட் கிட்டே வந்தாள். பிள்ளையின் உள்ளங்கையைத் தொட்டாள், அது கொதித்தது. தான் பெற்ற பெண் தன்னை அப்படிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. எட்டு நாளாகத்தான் அவன் ஒரு வேலையும் இல்லாமல், லாரி இல்லாமல், வலி இல்லாமல், அவளோடு மட்டும் இருந்தான்.

மறுநாள் மதியம் ஆட்கள் வந்துவிட்டார்கள். முற்றத்தில் மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். ஆட்டுத்தலை சூப்புக்கு அடுப்பு மூட்டியாயிற்று. கசின் ஐசி தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, பின் அறைக்குள் நின்று சேனாபதிபோல் கை காட்டினாள்.

“மெத்தையைக் கவுத்துப் போடு. தலைமாடு இந்தப் பக்கம் வரட்டும். அலமாரி ஜன்னலுக்கு. கண்ணாடியைத் திருப்பு. அந்தப் பெட்டி ரெண்டையும் கதவுக்கிட்ட தள்ளு. ஏய் எவரால்ட், உன் அண்ணன் சட்டை எங்கே தொங்குதுன்னு பாக்காதே, கழட்டு.”

எவரால்ட் வியர்த்துக் கொட்டிக்கொண்டு தள்ளினான். பெட்டியை நகர்த்தும்போது வயர் இழுத்துப் பிடித்தது.

ஐசி அண்ணாந்து பார்த்தாள். கண் பெட்டியில் தொடங்கி, நிலைக்கு மேலே ஏறி, நடையில் போய், திரும்பியது. அவள் முகம் மாறியது.

“இதை யாருமே பாக்கலையா? கட்டிலைத் திருப்பி என்ன பிரயோஜனம்? கண்ணு தெரியாதவன்கூட இதைப் பிடிச்சுக்கிட்டே வந்து சேர்ந்துடுவான். எவ்வளவு தடியா இருக்கு பாரு! ஆள் நடக்கலாம் இதுல. இழு, வெட்டு.”

எவரால்ட் கட்டிங் பிளேயரை எடுத்தான்.

“தொடாதே,” என்றாள் டாரெட்.

அவள் குரலில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். வாசலில் மார்வா குழந்தையோடு நின்றாள். காடியன் அழவுமில்லை, அவள் தோளில் துணிபோலக் கிடந்தது. டாரெட் பிள்ளையைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள்.

“நான்தான் அடிச்சேன். நானே எடுக்கிறேன்,” என்றாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஹாலில் தொடங்கி ஒவ்வொரு ஆணியாக நெம்பினாள். உதவிக்கு வந்தவர்களை முழங்கையால் தள்ளினாள். நடை திரும்பும் இடத்தில் வயரை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அது சில்லென்று, கெட்டியாக, எந்தச் சூடும் இல்லாமல் இருந்தது. நல்ல வயர். எதையும் வழியில் நிறுத்திவைக்காத வயர். “அழுதா அழுதுடு,” என்றாள் ஐசி கீழேயிருந்து, வழக்கத்துக்கு மாறான மென்மையோடு. டாரெட் அழவில்லை. பெட்டிக்குப் பின்னால் போய்த் திருகைத் தளர்த்தி, முறுக்கிய இழைகளைப் பிரித்து வெளியே எடுத்தபோது மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

சுருட்டிய வயரை எவரால்டிடம் நீட்டினாள். “உன் வீட்டு செட்டுக்கு ஆகுமே, எடுத்துக்கோ.”

எவரால்ட் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். “எனக்கு வேண்டாம்மா. அவன் என் வீட்டுக்கு வந்து என் வயரைக் குறை சொல்றதுக்கா?”

யாரோ சிரித்தார்கள். ஐசியும் சிரித்துவிட்டாள். கடைசியில் அதைச் சீமைப்பலா மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் புது மண்மேலேயே வைத்துவிட்டு வந்தார்கள். அவன் பொருள், அவனிடமே இருக்கட்டும்.

அவர்கள் திரும்பி வந்தபோது டாரெட் மறுபடி ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தாள். வாயில் ஆணி. தோளில் எவரால்டின் பழைய வயர், அந்தக் கோழிக்கால் வயர். அதை அதே சுவரில், அதே ஓட்டைகளில் அடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?” என்றாள் ஐசி.

“வீட்டுல பாட்டு வேண்டாமா?”

“பெட்டியை ஹாலுக்கே தூக்கிட்டுப் போயேன்.”

“பெட்டி இங்கேயே இருக்கட்டும்.”

எவரால்ட் அண்ணாந்து பார்த்தான். “டாரெட், அந்த வயர் வேலைக்காகாதுன்னு அவன் தலைபாடா அடிச்சுக்கிட்டானே. இதுல பாதி வழிகூட வராது.”

அவள் வாயிலிருந்து ஆணியை எடுத்தாள். “அதனாலதான்,” என்றாள்.

எவரால்டுக்குப் புரியவில்லை. மார்வாவுக்குப் புரிந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கீழே கிடந்த ஆணிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். ஐசி வயரை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். இதில் எலிகூட நடக்க முடியாது என்று தலையாட்டிவிட்டு, சூப்பில் உப்பு பார்க்கப் போய்விட்டாள்.

சாயங்கால வெயில் நடைக்குள் வந்தது. டாரெட் பின் அறை வாசலில் நின்று டம்ளரைப் பார்த்தாள். தண்ணீர் அசையவில்லை. ஹாலில் மார்வா குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காடியன் கண்ணை உயர்த்திச் சுவரைத் தேடியது. பார்வை கொஞ்ச தூரம் போனது, எங்கோ நடையில் நின்றது. கொட்டாவி விட்டது. மார்வா கொடுத்த பாலைக் குடித்துவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாக அழாமல் தூங்கிப்போனது. மார்வா சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கி அழுதாள். டாரெட் உள்ளே போய், தண்ணீரைக் கொல்லையில் கொட்டி, டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று இரவு நன்றாகவே நடந்தது. பொரித்த மீன், கெட்டி ரொட்டி, காப்பி, வெள்ளை ரம். டொமினோ ஆடியவர்கள் பலகையை உடைப்பதுபோல் அடித்தார்கள். ஐசி ஒரு வரி எடுத்துக் கொடுக்க எல்லோரும் வாங்கிப் பாடினார்கள். லாசெல்ஸ் லாரியை வாழைத்தோட்டத்துக்குள் விட்ட கதையை எவரால்ட் சொல்ல, கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். டாரெட்டும் சொன்னாள்.

விடிந்தபோது முற்றத்தில் மீன் முள்ளும் கவிழ்ந்த கோப்பைகளும்தான் இருந்தன. தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு கடைசி ஆளும் போயாயிற்று. மார்வாவும் பிள்ளையும் ஹால் கட்டிலில் கால்மேல் கால் போட்டுத் தூங்கினார்கள். டாரெட் குனிந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

செட் அணைந்திருந்தது. எவரால்ட் போகும்போது பிளக்கைப் பிடுங்கி, அதன் வயரைச் சுற்றி ஆம்ப்ளிஃபயர்மேலேயே வைத்திருந்தான். டாரெட் அதை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தாள்.

பாகல்கொடி இலை போட்டுக் கசப்புத் தேநீர் கொதிக்கவைத்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனாள். மாற்றிப்போட்ட அறை வேறு யாருடையதோ போல இருந்தது. கட்டிலில் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. மெத்தையில் உள்ளங்கையைப் பரப்பிப் பார்த்தாள். பஞ்சு, அவ்வளவுதான். போய்விட்டான். அவளே அனுப்பிவைத்தாள். நல்ல காரியம்தான் செய்தாள்.

அங்கே இருக்கப் பிடிக்காமல் எழுந்து ஹாலைப் பார்த்து நடந்தாள். ஒரு கையில் கோப்பை இருந்ததால் மற்ற கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டே நடந்தாள். எவரால்டின் வயரை அவள் அவசரத்தில் தொய்வாக அடித்திருந்ததால், நிலைகளுக்கு நடுவே அது கை உயரத்துக்குத் தொங்கியது. அது விரலுக்குக் கீழே ஓடியது. சில்லென்றிருந்தது.

நடை திரும்பும் இடத்தில் சூடாக இருந்தது.

கையை எடுத்துவிட்டாள். வெயில் அங்கே வரவில்லை. வெயில் வரச் சாயங்காலம் ஆகும். ஹால் பக்கம் போய்த் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. அறைப் பக்கம் போய்த் தொட்டாள், சில்லென்றிருந்தது. நடுவில் மட்டும், ஒரு சாண் நீளத்துக்கு, வெதுவெதுவென்று இருந்தது. அந்தச் சூடு விரலுக்குக் கீழே மெல்ல ஏறியது, இறங்கியது.

“பாவி மனுஷா,” என்றாள் டாரெட் தாழ்ந்த குரலில். “இதுலயா வந்தே? வந்துசேர முடியாம இங்கேயே நின்னுட்டியா?”

ஹாலில் குழந்தை தூக்கத்தில் புரண்டு படுத்தது. எழவில்லை. டாரெட் அது அடங்கும் வரை காத்திருந்தாள். பிறகு சமையலறைக்குப் போய், சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து நடைக்கு நடுவில், சுவரோரமாகப் போட்டாள். உட்கார்ந்து தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, ஆறுவதற்குள் தேநீரைக் குடிக்க ஆரம்பித்தாள்.